பனிப்போர் என்றால் பேசாமல் முறைத்துக்கொள்வதா?

நம் நாளிதழ்களில் வாரத்துக்கு ஒரு பனிப்போராவது நடந்துவிடுகிறது. அமைச்சருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் பனிப்போர், இரண்டு நடிகர்களுக்கு இடையே பனிப்போர், துணைவேந்தருக்கும் பதிவாளருக்கும் பனிப்போர். ஒரே மேடையில் உட்கார்ந்த இருவர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் போதும், தலைப்பு தயார். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் இன்னும் ஒருபடி மேலே போய், "ரஷ்யாவில் பனி கொட்டும்போது நடந்த போர் என்பதால்தானே மாமா அந்தப் பெயர்?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். ஆனால் அவள்மேல் தப்பில்லை. 'பனி' என்று மொழிபெயர்த்து வைத்துவிட்டோம். பிள்ளை பனியைத் தேடத்தானே செய்யும்?

அந்தப் பெயரில் இருப்பது பனி அல்ல, குளிர்ச்சி. பீரங்கி வெடித்துச் சூடேறினால் அது வழக்கமான போர். பகை முற்றி, படை திரட்டி, ஆயுதம் குவித்து, ஆனால் நேருக்கு நேர் வெடிக்காமலே நீண்டால் அது குளிர்ந்த போர். 1945இல் இரண்டாம் உலகப் போர் ஓய்ந்ததிலிருந்து 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது வரை அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே நிலவிய பகைக்கு இந்தப் பெயர் நிலைத்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டே மாதம் கழித்து, 1945 அக்டோபரில், ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் அணுகுண்டைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சொல் வருகிறது. இப்படி ஓர் ஆயுதம் கையில் உள்ள அரசை யாராலும் வெல்ல முடியாது, அது அண்டை அரசுகளோடு முடிவில்லாத குளிர்ந்த போரிலேயே இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. அதாவது, பிறக்கும்போதே இந்தச் சொல் அணுகுண்டோடு ஒட்டிப் பிறந்தது. அந்தக் குண்டை விட்டுவிட்டுப் பேசினால் பனிப்போர் வெறும் முறைப்பாகத்தான் தெரியும்.

பங்காளிகளின் பாகப்பிரிவினை

ஓர் ஊரில் இரண்டு பங்காளிகள். மேற்கே இருப்பவர் மேலவீட்டார், கிழக்கே இருப்பவர் கீழவீட்டார். பொது எதிரி ஒருவனை எதிர்க்க இருவரும் தோள் சேர்ந்தார்கள். எதிரி விழுந்தான். அவன் நிலத்தை யார் எவ்வளவு பார்த்துக்கொள்வது என்று அளக்க உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தொடங்கியது.

பொது எதிரி ஹிட்லரின் ஜெர்மனி. போர் முடிந்தபோது இரு வீட்டாரும் ஒரே நிலையில் இல்லை. சோவியத் ஒன்றியம் சுமார் 2 கோடியே 70 லட்சம் மக்களை இழந்திருந்தது. அமெரிக்காவின் இழப்பு நான்கு லட்சத்தைச் சற்றுத் தாண்டும். அதன் தொழிற்சாலைகள் ஒன்றின்மீதும் குண்டு விழவில்லை, கையில் அணுகுண்டு வேறு. முப்பது ஆண்டுக்குள் இரண்டு முறை மேற்கிலிருந்து படையெடுப்பைச் சந்தித்த நாட்டின் தலைவர் ஸ்டாலினுக்கு, போலந்தும் அதன் அண்டை நாடுகளும் தன் சொல் கேட்கும் அரசுகளாக இருந்தால்தான் தூக்கம் வரும். வாஷிங்டனில் இருந்தவர்களுக்கு வேறு கவலை. பசியில் கிடக்கும் ஐரோப்பா பொதுவுடைமைக் கட்சிகளின் பக்கம் சாய்ந்துவிட்டால்?

இந்த இடத்தில் இரு பெயர்களையும் தெளிவாக்கிக்கொள்வோம். பொதுவுடைமை என்பது ஆலையும் நிலமும் தனியார் கையில் இல்லாமல் சமூகத்தின் உடைமையாக இருக்க வேண்டும் என்ற கொள்கை. சோவியத் நடைமுறையில் அது ஒற்றைக் கட்சியின் ஆட்சியாகவும் அரசே எல்லாவற்றையும் திட்டமிடுவதாகவும் வடிவெடுத்தது. எதிர்ப்பக்கம் தன்னை ஜனநாயகம் என்று அழைத்துக்கொண்டது. பல கட்சித் தேர்தல், பத்திரிகைச் சுதந்திரம், அவற்றோடு தனியுடைமையும் சந்தையும். இரண்டும் 'உலகம் முழுவதும் இப்படித்தான் ஆக வேண்டும்' என்று சொன்ன கொள்கைகள். தன் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போகும் ரகம் இரண்டுமே இல்லை.

1945இல் ஜெர்மனி நான்கு பாகமானது: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத். தலைநகர் பெர்லின் சோவியத் பாகத்துக்குள் நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தது. அதையும் நான்காகப் பிரித்தார்கள். கீழவீட்டாரின் வீட்டு நடுக்கூடத்தில் ஓர் அறை மேலவீட்டாருக்கு என்று பத்திரம் எழுதியதைப் போல. பின்னால் வந்த தலைவலியில் பாதி அந்த அறையிலிருந்து வந்தது.

ஆழ்துளைக் கிணறும் ஆயுதப் போட்டியும்

இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் தோட்டம். கோடைக்குத் தண்ணீர் போதவில்லை என்று மேலவீட்டார் 300 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிறார். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் கீழவீட்டாரின் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்குகிறது. அவர் 500 அடிக்கு இறங்குகிறார். இதைப் பார்த்த மேலவீட்டார், "நான் அன்றே சொன்னேன், அவர் என்னைக் காயவைக்கப் பார்க்கிறார்" என்று 800 அடிக்குப் போகிறார். இரண்டு வீட்டிலும் நகை அடகுக்குப் போகிறது. தண்ணீர் மட்டும் இன்னும் கீழே போய்விட்டது.

ஒருவர் தன் பாதுகாப்புக்குச் செய்யும் ஏற்பாடே அடுத்தவருக்கு ஆபத்தாகத் தெரிந்து, அவரும் பதிலுக்கு ஓர் ஏற்பாடு செய்ய, கடைசியில் இருவருமே முன்னைவிட அதிக அச்சத்தில் நிற்கும் நிலைக்குப் பாதுகாப்பு இக்கட்டு என்று பெயர். இதில் யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தாலே போதும்.

1946 முதல் 1955 வரை நடந்தவற்றை இந்தக் கிணற்றை மனதில் வைத்துப் பாருங்கள். 1946 பிப்ரவரியில் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன் நீண்ட தந்தி ஒன்றை அனுப்பினார். சோவியத் விரிவை எங்கும் எல்லை தாண்ட விடாமல் நிறுத்த வேண்டும் என்ற 'கட்டுக்குள் வைக்கும் கொள்கை' அதிலிருந்து கிளைத்தது. 1947 மார்ச்சில் அதிபர் ட்ரூமன் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டார். அதே ஆண்டு ஜூனில் மார்ஷல் திட்டம் அறிவிக்கப்பட்டது. மேற்கு ஐரோப்பாவை மீண்டும் எழுப்ப அமெரிக்கா கொடுத்த தொகை சுமார் 1,300 கோடி டாலர். வாஷிங்டன் இதைக் கைகொடுத்தல் என்றது; ஸ்டாலின் கண்ணுக்கு அது காசு கொடுத்து வேலியை நகர்த்துவதாகப் பட்டது. அவர் கிழக்கு ஐரோப்பாவை இறுக்கினார். 1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. ஜூனில் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாம் அடைக்கப்பட்டன. கிட்டத்தட்ட பதினொரு மாதம் அந்த நகரத்துக்கு நிலக்கரியும் மாவும் விமானத்திலேயே போயின.

அடைப்பு கண்டு அரண்ட மேற்கு நாடுகள் 1949 ஏப்ரலில் நேட்டோவை அமைத்தன. ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளும் ராணுவக் கூட்டணி அது. ஆகஸ்டில் கஜகஸ்தானில் சோவியத் முதல் அணுகுண்டைச் சோதித்தது. மேற்கு ஜெர்மனி நேட்டோவில் சேர்ந்த 1955இல் சோவியத் தரப்பு வார்சா ஒப்பந்தக் கூட்டணியை உருவாக்கியது. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பதில். யார் முதலில் தொடங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுபது ஆண்டுக்கும் மேலாக வழக்காடுகிறார்கள். பெரும் பழி ஸ்டாலினுடையது என்பது என் எண்ணம். போலந்தில் ஒழுங்கான தேர்தல் நடத்துவதாக 1945இல் யால்டா மாநாட்டில் ஒப்புக்கொண்டு கைவிட்டவர் அவர். ஆனால் ஸ்டாலின் 1953இல் இறந்த பிறகும் கிணறு தோண்டுவது நிற்கவில்லையே, ஏன்? அதற்கு ஆளைக் காட்டிப் பயனில்லை, கிணற்றைத்தான் காட்ட வேண்டும்.

இதுவரை பார்த்தது: கூட்டாக வென்றவர்கள், எதிரியின் நிலத்தைப் பிரிப்பதில் பிணங்கினார்கள். ஒவ்வொருவரின் தற்காப்பும் அடுத்தவருக்குத் தாக்குதலாகத் தெரிந்தது. பத்தே ஆண்டில் இரண்டு ஆயுத முகாம்கள் எதிரெதிரே நின்றன.

இரண்டு கூரை வீடுகள்

சரி, இவ்வளவு பகை இருந்தும் ஏன் நேரடியாக மோதவில்லை? 'இருவரிடமும் குண்டு இருந்ததால் பயந்தார்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த வரி பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

இருவர் வீடும் ஓலைக் கூரை. இருவர் கையிலும் தீப்பந்தம். மேலவீட்டார் இரவோடு இரவாகக் கீழவீட்டைக் கொளுத்திவிட்டால், உள்ளே இருந்த பந்தமும் சேர்ந்து எரிந்துவிடும். திருப்பிக் கொளுத்த ஆள் இல்லை. அப்படியானால் 'அவன் முந்துவதற்குள் நான் முந்திவிட வேண்டும்' என்ற எண்ணம் இரு வீட்டிலும் இரவெல்லாம் ஓடும். ஆகவே இருவரிடமும் பந்தம் இருப்பது மட்டும் அமைதியைத் தராது. சொல்லப்போனால் அதுதான் மிக ஆபத்தான நிலை.

இப்போது கீழவீட்டார் ஓர் ஏற்பாடு செய்கிறார். தம்பியிடம் ஒரு பந்தத்தைக் கொடுத்து ஊருக்கு வெளியே தோப்பில் தங்க வைக்கிறார். எந்தத் தோப்பு என்று யாருக்கும் தெரியாது. வீடு எரிந்தால் தம்பி வருவான், மேலவீட்டைக் கொளுத்துவான். மேலவீட்டாரும் தம் தம்பியை அதேபோல் அனுப்பிவிட்டார். இனி முந்திக்கொள்வதில் லாபமே இல்லை. கொளுத்தியவன் வீடும் விடிவதற்குள் சாம்பல்.

தோப்பில் தங்கிய தம்பிதான் அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிக் கப்பல். 1960இலிருந்து அமெரிக்காவிடம் அத்தகைய கப்பல்கள் கடலுக்கடியில் உலவத் தொடங்கின; சோவியத்தும் பின்தொடர்ந்தது. முதல் அடி முழுவதையும் வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க மிஞ்சியிருக்கும் வலிமைக்குப் பதிலடித் திறன் என்று பெயர். இருவருக்கும் அது வாய்த்து, இருவருக்கும் அது தெரிந்தும் இருக்கும்போது உண்டாகும் நிலையைப் பரஸ்பர அழிவு உறுதி என்பார்கள். 'நீ அடித்தால் நான் சாவேன், ஆனால் நீயும் பிழைக்க மாட்டாய்' என்ற உறுதி.

இங்கே ஒரு விந்தை. மேலவீட்டார் ஓலையைப் பிரித்துவிட்டு ஓடு வேய்ந்தால் என்ன ஆகும்? தற்காப்புதானே, யாருக்கு என்ன நஷ்டம்? கீழவீட்டாருக்குத்தான் நஷ்டம். 'ஓட்டு வீடு தீப்பிடிக்காது. இனி அவன் பயமில்லாமல் என் கூரையைக் கொளுத்தலாம்.' ஆகவே கவசம்கூட ஆயுதம் ஆகிவிடுகிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்நேவும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம், வரும் ஏவுகணைகளை வானிலேயே அழிக்கும் தடுப்பு அமைப்புகளுக்கு மிகக் கடுமையான வரம்பு விதித்தது. இரண்டு பெரும் அரசுகள் தங்கள் மக்களைக் காக்கும் கேடயத்தை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டன. முதல் முறை படித்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். பதினொரு ஆண்டு கழித்து, 1983இல், அதிபர் ரீகன் விண்வெளியில் ஏவுகணைத் தடுப்பு அமைக்கப் போகிறேன் என்றபோது மாஸ்கோ ஏன் அப்படிப் பதறியது என்பதும் இந்த ஓட்டுக் கூரையை வைத்தால் விளங்கும்.

விண்வெளிப் போட்டியைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் ஒன்றே ஒன்று. 1957 அக்டோபர் 4 அன்று உலகின் முதல் செயற்கைக்கோளான சோவியத் ஸ்புட்னிக்கை மேலே கொண்டுபோனது, கண்டம் விட்டுக் கண்டம் பாய அமைத்த ஏவுகணையின் ஒரு வடிவம். தலைக்கு மேல் 'பீப் பீப்' என்று சுற்றிய பந்தைப் பார்த்து அமெரிக்கர்கள் நடுங்கியது பந்துக்காக அல்ல. அதே ராக்கெட் அணுகுண்டையும் தூக்கி வருமே என்பதற்காக.

சைக்கிளில் வந்த தந்தி

பரஸ்பர அழிவு உறுதி என்பது கேட்க உறுதியாக இருக்கிறது. ஆனால் அதை நடத்துவது மனிதர்கள், கருவிகள். இரண்டும் தவறும்.

1962 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் கியூபாவில் ஏவுகணைகளை நிறுவுவதை அமெரிக்க உளவு விமானம் படமெடுத்தது. கியூபா அமெரிக்கக் கரையிலிருந்து 150 கிலோமீட்டர்தான். அமெரிக்க அதிபர் கென்னடி கப்பல்களை அனுப்பி தீவைச் சுற்றி வளைத்தார். 27ஆம் தேதி ஓர் அமெரிக்க உளவு விமானம் கியூபாவின் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதே நாளில் கடலுக்கடியில் ஒரு சோவியத் நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறு வெடிகளைப் போட்டன. அந்தக் கப்பலில் அணு டார்பிடோ இருந்தது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது. உள்ளே வெப்பம் தாங்காமல், மாஸ்கோவோடு தொடர்பும் இல்லாமல் இருந்த கேப்டன் நிதானம் இழந்தபோது, வசீலி அர்ஹிப்போவ் என்ற அதிகாரி அவரை அமைதிப்படுத்திக் கப்பலை மேலே கொண்டுவரச் செய்தார்.

மறுநாள் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். 'கென்னடி முறைத்தார், குருஷ்சேவ் பின்வாங்கினார்' என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. நடந்தது பேரம். கியூபாமீது படையெடுக்க மாட்டோம் என்று கென்னடி வாக்குக் கொடுத்தார். துருக்கியில் நிறுத்தியிருந்த அமெரிக்க ஏவுகணைகளை எடுத்துவிடவும் ஒப்புக்கொண்டார். இரண்டாவது பகுதி பல ஆண்டுகள் ரகசியமாகவே இருந்தது.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொரு சிறு விஷயம். உலகம் எரியுமா எரியாதா என்ற அந்த நாட்களில், வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் டோப்ரினின் மாஸ்கோவுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், தந்தி நிறுவனத்துப் பையன் ஒருவன் சைக்கிளில் தூதரகத்துக்கு வந்து தாளை வாங்கிப் போக வேண்டும். வழியில் எங்கும் நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டான் என்று நம்பிக்கொண்டு இருந்ததாக டோப்ரினின் பின்னாளில் எழுதினார். அந்த அனுபவத்தால்தான் 1963இல் இரு தலைநகரங்களுக்கும் நேரடித் தொடர்பு போடப்பட்டது. திரைப்படங்களில் வரும் சிவப்புத் தொலைபேசி கற்பனை. போடப்பட்டது தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரின்டர். பேச்சில் கோபம் வரும், மொழிபெயர்ப்பில் தவறு வரும், எழுத்தில் யோசிக்க நேரம் கிடைக்கும் என்பது கணக்கு.

1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கை நிலையம் ஒன்றில் திரை, அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை ஏவியதாகக் காட்டியது. பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ், போர் தொடங்குபவன் ஐந்தே ஐந்தை அனுப்ப மாட்டான் என்று யோசித்து, பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் தீயாக எடுத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பகுதியின் சாரம்: நேரடிப் போரைத் தடுத்தது பதிலடித் திறன். அது நல்லெண்ணத்தால் விளைந்த அமைதி அல்ல. அதில் ஓட்டைகளும் இருந்தன. சில நேரம் ஒரு தனிமனிதரின் நிதானம்தான் அந்த ஓட்டையை அடைத்தது.

அடுத்தவர் வயலில் நடந்த சண்டை

பங்காளிகள் தங்கள் வீட்டு வாசலில் மோத முடியாது. ஆனால் பகை தீரவில்லை. ஊரில் கோயில் திருவிழா முதல் மரியாதை என்றாலும், பஞ்சாயத்துத் தேர்தல் என்றாலும், யாரோ இருவரின் வரப்புத் தகராறு என்றாலும், ஒரு பக்கம் மேலவீட்டுப் பணம் இறங்கும், மறுபக்கம் கீழவீட்டுத் தடி இறங்கும். கை உடைவது வரப்புக்காரருக்கு.

இதைப் பதிலிப் போர் என்று பாடநூல்கள் சொல்கின்றன. நமக்குப் பழகிய சொல்லில் பினாமிப் போர். பின்னால் இருப்பவரின் பெயர் பத்திரத்தில் வராது, பணம் அவருடையது.

'பனிப்போரில் போரே நடக்கவில்லை' என்பதுதான் நான் கேட்டதிலேயே பெரிய தவறான கருத்து. கொரியாவில் 1950 முதல் 1953 வரை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வியட்நாமில் சுமார் 58,000 அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள்; வியட்நாமியர் அதைப் போலப் பல மடங்கு, லட்சக்கணக்கில். யாரும் போர் அறிவிக்காத லாவோஸ் நாட்டின்மீது 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை இன்றும் உழுபவர்களின் காலை எடுக்கின்றன. 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் படை ஒன்பது ஆண்டு கழித்துத்தான் வெளியேறியது.

கொரியப் போரில் ஒரு காட்சி இந்த முழு ஏற்பாட்டையும் காட்டிவிடும். வானத்தில் சோவியத் விமானிகள் மிக்-15 விமானங்களில் சீன, வட கொரிய அடையாளங்களோடு அமெரிக்க விமானிகளை எதிர்த்துப் பறந்தார்கள். அமெரிக்கர்களுக்கு இது தெரியும். வானொலியில் ரஷ்ய மொழி கேட்டது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் தன் மக்கள் சோவியத்தைத் தாக்கு என்பார்கள், தாக்கினால் மூன்றாம் உலகப் போர். ஆகவே கொல்பவனும் மறைத்தான், கொல்லப்பட்டவன் தரப்பும் மறைத்தது.

இதில் சிறிய நாடுகளை வெறும் பொம்மைகளாக நினைப்பது இன்னொரு தவறு. வரப்புத் தகராறு வைத்திருப்பவன் மேலவீட்டாரிடம் போய், 'எதிராளி கீழவீட்டு ஆள், தெரியுமா?' என்று காதில் ஓதுவான். தென் கொரியாமீது படையெடுக்கத் துடித்தவர் வட கொரியத் தலைவர் கிம் இல் சுங். அவர் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே 1950இன் தொடக்கத்தில் ஸ்டாலின் தலையசைத்தார். ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் இது கேலிக்கூத்தாகவே போனது. அங்கே சோவியத் ஆதரவு பெற்ற அரசுக்குத் துணையாகக் கியூபப் படை. எதிர்ப் படைக்கு அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா ஆதரவு. அரசுக்கு வருமானம் அமெரிக்க நிறுவனம் எடுத்த எண்ணெயிலிருந்து. அந்த அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளுக்குக் காவல் நின்றது கியூபப் படை.

ஜனநாயகத்துக்கும் பொதுவுடைமைக்கும் நடந்த போரா?

அப்படித்தான் இரு தரப்பும் சொல்லிக்கொண்டன. சரிபார்த்தால் கணக்கு இடிக்கிறது. நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்று போர்ச்சுகல். அப்போது அங்கே சலாசரின் சர்வாதிகாரம். ஈரானில் 1953இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் கை இருந்தது. சிலியில் 1970இல் வாக்குச்சீட்டில் வென்ற அயெந்தே, பொறுப்பேற்பதைத் தடுக்கவே வாஷிங்டன் சதி செய்தது. 1973இல் ராணுவம் அவரைக் கவிழ்த்துத் தளபதி பினோசே ஆட்சிக்கு வந்தபின் அவரோடு உறவு பாராட்டியது.

மறுபக்கமும் அப்படித்தான். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட சோவியத் படைதான் 1956இல் ஹங்கேரித் தலைநகர் புடாபெஸ்டில் தொழிலாளர்கள்மீது டாங்கியை ஏற்றியது. 1961 ஆகஸ்டில் கிழக்கு ஜெர்மனி எழுப்பிய பெர்லின் சுவர் எதிரி உள்ளே வருவதைத் தடுக்க அல்ல. அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட சொந்த மக்கள் வெளியேறிவிட்டதால் மீதிப்பேரை நிறுத்தி வைக்க. பொதுவுடைமை நாடுகள் எல்லாம் ஓரணி என்பதும் இல்லை. யுகோஸ்லாவியாவின் டிட்டோ 1948லேயே ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். 1969 மார்ச்சில் உசூரி ஆற்றுத் தீவு ஒன்றுக்காகச் சீனப் படையும் சோவியத் படையும் சுட்டுக்கொண்டன. மூன்று ஆண்டில் சீனத் தலைவர் மாவோ, நிக்சனை பீஜிங்கில் வரவேற்றார்.

கொள்கை பொய் என்று சொல்ல வரவில்லை. இருபுறமும் அதை நம்பி உயிர் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் கொள்கையும் பாதுகாப்பும் மோதிய இடங்களில் அநேகமாகப் பாதுகாப்பே வென்றது.

நடுவில் நின்றவர்கள்

அணிசேராமை என்பதை நம்மவர்களே 'எதிலும் தலையிடாமல் சும்மா இருப்பது' என்று புரிந்துகொள்கிறார்கள். ராணுவக் கூட்டணி எதிலும் சேராமல், ஒவ்வொரு பிரச்சினையிலும் தன் முடிவைத் தானே எடுப்பது என்பதே அதன் பொருள். 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடின. 1961இல் யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் டிட்டோ, நேரு, எகிப்தின் நாசர், கானாவின் நுக்ருமா, இந்தோனேசியாவின் சுகர்னோ முன்னின்று இயக்கமாக அது உருவெடுத்தது. 1976இல் அதன் உச்சி மாநாட்டைக் கொழும்பில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ நடத்தினார். கூடிய மண்டபம் சீனா கட்டிக்கொடுத்தது. 'மூன்றாம் உலகம்' என்றால் ஏழை நாடு என்று இப்போது பொருளாகிவிட்டது. 1952இல் பிரெஞ்சு அறிஞர் ஆல்ஃப்ரெட் சோவி அந்தச் சொல்லை உருவாக்கியபோது, இரு அணிக்கும் வெளியே இருந்த நாடுகள் என்பதே கருத்து.

நடுவில் நிற்பவனிடம் இரு வீட்டாரும் நல்ல பெயர் வாங்கப் பார்ப்பார்கள். நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. சென்னை ஐஐடி மேற்கு ஜெர்மனி உதவியில், கான்பூர் ஐஐடி அமெரிக்க உதவியில், மும்பை ஐஐடி சோவியத் உதவியில். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த கெட்டி அட்டைப் புத்தகங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அதே பிள்ளைகள் ரேஷனில் அமெரிக்கக் கோதுமையும் சாப்பிட்டார்கள்.

சும்மா கிடைக்கவில்லை. வியட்நாம் போரை இந்தியா குறைகூறியதால் எரிச்சலடைந்த அதிபர் ஜான்சன், 1960களின் நடுவில் பஞ்ச காலத்தில் கோதுமையைக் கப்பல் கப்பலாக எண்ணி அனுப்பினார். 1971 ஆகஸ்டில் இந்தியா சோவியத்தோடு நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டது. டிசம்பரில் வங்கதேசப் போரின்போது அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவுக்கு வந்தது, சோவியத் கப்பல்கள் அதைப் பின்தொடர்ந்தன. நடுவில் நிற்பதும் எப்போதும் நடுவிலேயே நிற்பதாக இருக்கவில்லை.

கிணறு தோண்டுவதை நிறுத்தியவர்

1985 மார்ச்சில் கோர்பச்சேவ் சோவியத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பொருளாதாரம் தேங்கியிருந்தது. அடுத்த ஆண்டு எண்ணெய் விலையும் சரிந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. ரீகன் ஆயுதச் செலவை ஏற்றி ஏற்றியே சோவியத்தை உடைத்தார் என்பது அமெரிக்காவில் பிரபலமான விளக்கம். அழுத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் அழுத்தத்துக்கு வழக்கமான பதில் இன்னும் ஆழமாகத் தோண்டுவது. கோர்பச்சேவ் செய்தது வேறு. 1987 டிசம்பரில் ரீகனோடு சேர்ந்து, தரையிலிருந்து ஏவும் நடுத்தர வீச்சு ஏவுகணைகள் முழுவதையும் ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1988 டிசம்பரில் ஐ.நா. சபையில், எதிர்த்தரப்பிடம் எதையும் கேட்காமல், தன் படையில் ஐந்து லட்சம் பேரைக் குறைப்பதாக அறிவித்தார். பாதுகாப்பு இக்கட்டிலிருந்து வெளியேற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும்.

எப்படித் துணிந்தார்? தோப்பில் தம்பி இருந்ததால் துணிந்தார் என்பது என் ஊகம். ஸ்டாலினுக்குப் போலந்து என்ற வேலி தேவைப்பட்டது. பதிலடித் திறன் கையிலிருந்த ஒருவருக்கு அந்த வேலி அவ்வளவு முக்கியமில்லை. 1989இல் போலந்திலும் ஹங்கேரியிலும் ஆட்சிகள் மாறியபோது டாங்கிகள் வரவில்லை. நவம்பர் 9 அன்று கிழக்கு பெர்லினில் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, புதிய பயண விதிகள் பற்றிய குறிப்பைச் சரியாகப் படிக்காமலே நிருபர்கள் முன் வந்தார். எப்போது முதல் என்று கேட்டதற்குத் தாளைப் புரட்டிவிட்டு, "உடனடியாக, தாமதமின்றி" என்றார். மறுநாள்தான் நடைமுறைக்கு வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அன்றிரவே கூட்டம் பெர்லின் சுவரின் வாயில்களை நெருக்க, காவலர்கள் மேலிடத்து உத்தரவு வராமலே திறந்துவிட்டார்கள்.

1991 டிசம்பர் 25 மாலை கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. ஒன்றியம் 15 நாடுகளாகப் பிரிந்தது. உக்ரைன், பெலாரஸ், கஜகஸ்தான் மண்ணில் இருந்த அணு ஆயுதங்கள் 1996க்குள் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன. 1980களின் நடுவில் உலகில் சுமார் 70,000 ஆக இருந்த அணுகுண்டுகள் இப்போது 12,000 அளவில் இருக்கின்றன. பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமாக அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகள், "தோப்பில் இருந்த தம்பிகள் வீட்டுக்கு வந்துவிட்டார்களா மாமா?" என்றாள். இல்லை. இன்றைக்கும் இரு நாட்டுக் கப்பல்களும் கடலுக்கடியில்தான் இருக்கின்றன.